பாதி அழிந்த கட்டம்

அந்தக் கடிதத்தை யாரும் புகாராகப் பதிவு செய்திருக்கவில்லை. 'நன்றிக் கடிதங்கள்' என்ற கோப்பில் ஐந்து மாதமாகக் கிடந்தது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ருக்குமணி என்கிற அம்மாள் கோடு போட்ட தாளில் கையால் எழுதியதை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு நீங்கள் பொருத்திய தாங்கி நன்றாக வேலை செய்கிறது. முன்பெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எல்லாம் மறந்துபோகும். இப்போது அப்படி இல்லை. எங்கள் மகள் கோகிலாவும் வாரத்தில் இரண்டு நாள் வந்துவிட்டுப் போகிறாள். அவள் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. உங்கள் எல்லோருக்கும் நன்றி."

சுகிர்தா கடைசி மூன்று வரிகளைத் திரும்பப் படித்தாள். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், தாங்கி தயாரிக்கும் கம்பெனியின் ஏழாவது மாடி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒரு கடிதத்தைத்தான். கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினாள்.

பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு, ஒரு நினைப்பை மனதில் பிடித்து வைத்திருக்கும் வலு போய்விடும். வாசல் மணி அடித்தால் போதும், எதற்காகக் கத்தியைக் கையில் எடுத்தோம் என்பது தெரியாது. எதிரே இருப்பவரோடு என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பதும் தெரியாது. தாங்கி அவர்களுக்காக வந்தது. காதுக்குப் பின்னால் எலும்பில் பதிக்கிற, புளியங்கொட்டை அளவுக் கருவி. குறுக்கீடு வரும்போது கையில் இருக்கும் நினைப்பை வாங்கித் தனியாக வைத்துக்கொள்ளும். குறுக்கீடு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். நாலாயிரத்துச் சொச்சம் பேர் தலையில் அது இருந்தது.

அந்தக் கருவியின் கெர்னல் என்கிற மையப் பகுதிக்குள் எந்த நிரலும் நேராக நுழைய முடியாது. வாசலில் ஒரு சரிபார்ப்பி நிற்கிறது. நிரலை ஓட்டிப் பார்க்காமலே, அது போகக்கூடிய எல்லா வழியிலும் ஒருமுறை நடந்து பார்த்து, எங்கேயும் தவறாது என்று நிரூபணம் ஆனால் மட்டும் உள்ளே விடும். அந்தச் சரிபார்ப்பியில் ஒரு முக்கியமான பகுதியை எழுதியவள் சுகிர்தா. நாகர்கோவில்காரி, முப்பத்தாறு வயது, பத்து வருடமாக இதே வேலை.

போன வெள்ளிக்கிழமை ஆத்தூரிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. தாங்கி பொருத்திக்கொண்ட மனோன்மணி என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் கணவர் தேவராஜன் காலையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, மனோன்மணி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யாருங்க நீங்க? அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். தேவராஜன் கெஞ்சிப் பார்த்துவிட்டு, மனைவிக்குக் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று வாசற்படியில் உட்கார்ந்தார். மே மாத வெயில். இதய நோயாளி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தபோது மதியம் இரண்டரை மணி. உயிர் இல்லை.

"உருவம் என் வீட்டுக்காரரோடதுதான், ஆள் வேற" என்று மனோன்மணி போலீசிடம் நிதானமாகச் சொன்னார். அழவில்லை. வெளியே போனவர் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

கோபியில் சென்னியப்பன் வீட்டுக்குச் சுகிர்தா போய்ச் சேர்ந்தபோது காலை பதினோரு மணி. வாய்க்கால் கரையை ஒட்டிய சின்ன ஓட்டு வீடு. சென்னியப்பன் முப்பத்தோரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். அறுபத்து மூன்று வயதிலும் தோள் அகலம் குறையவில்லை.

"வாங்க வாங்க, உக்காருங்க. கோயமுத்தூர்ல இருந்துங்களா? வண்டி நம்பியூர் வழியா வந்துச்சா, சத்தியமங்கலம் வழியா வந்துச்சா?"

"நம்பியூர் வழியாங்க, ஐயா."

"அதான் நேரத்துலயே வந்துட்டீங்க."

பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை. தாங்கி வைத்த பிறகு தலை வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று அவள் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். அவள் பெயரைக் கேட்டு, ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ருக்குமணி மோர் கொண்டுவந்து வைத்தார். மெலிந்த அம்மாள். அதிகம் பேசவில்லை. சுகிர்தா கடிதத்தைப் பற்றி வாயெடுக்கும் முன்பே, "இருங்க, நீங்களே பாப்பீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பினார். விசில் அடங்குவதற்குள் மேசை மேலிருந்த போன் ஒலித்தது. எடுத்து, "தப்பான நம்பருங்க" என்று சொல்லி வைத்தார். பிறகு சுகிர்தாவின் பக்கம் திரும்பினார்.

அவர் முகம் மாறவில்லை. பார்வைதான் மாறியது. வெகுநாள் பழகிய ஒரு பொருளின் மேல் கண் படிவதுபோல அவள் மேல் படிந்தது.

"எப்ப வந்த கண்ணு?"

சுகிர்தா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஐயா, நான் சுகிர்தா. கம்பெனியில இருந்து வந்திருக்கேன்."

"மொகம் யாரோ மாதிரிதான் இருக்குது. பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சில்ல." அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை என்பதுபோலச் சொன்னார். "அதனால என்ன? உன்னைய எனக்குத் தெரியாதா?"

சமையலறை வாசலில் ருக்குமணி நின்றிருந்தார். கணவரைப் பார்க்கவில்லை. சுகிர்தாவையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "பதில் சொல்லுங்க அம்மிணி" என்று உதடு மட்டும் அசைந்தது. "ஒரு வார்த்தை."

"இப்பத்தான் வந்தேன்" என்றாள் சுகிர்தா. தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"காச்சல் விட்டுருச்சா?"

"விட்டுருச்சு."

சென்னியப்பன் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார். "அன்னைக்கு நான் டியூட்டிக்குப் போயிருக்கக் கூடாது. சாதாக் காச்சல்தான், கசாயம் வெச்சுக் குடுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டேன். சத்தியில வண்டிய நிறுத்தறப்பத்தான் போன் வந்துச்சு."

நாற்பது நிமிடம் அவர் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். சுகிர்தா உம் கொட்டினாள், சில இடங்களில் இல்லை என்றாள், ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு சென்னியப்பன் களைத்துப்போய், அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

"யார் வந்தாலும் இப்படித்தானா?" என்று கேட்டாள் சுகிர்தா.

"எல்லாருக்கும் இல்லீங்க. தபால்காரப் பொண்ணு ரெண்டு தடவ. எதிர்வீட்டுக்காரி ஒரு தடவ, அவளுக்கு அம்பது வயசு. வெண்டக்காய் விக்கற சரசுதான் அதிகம். மொதல்ல பயந்துக்கிட்டு ஓடுனா. இப்ப வாசல்லயே நின்னு கேக்கறா, 'இன்னைக்கு நான் கோகிலாங்களா அக்கா?'ன்னு." ருக்குமணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க பிள்ள போனதுக்கப்புறம் பதினோரு வருசம் இந்த ஊட்டுல அந்தப் பேரையே யாரும் சொல்லலீங்க. அவரும் சொல்லல, நானும் சொல்லல. ஒரே ஊட்டுல ரெண்டு ஊமைங்க மாதிரி இருந்தோம்."

*

"எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு" என்றார் அருளாளன். கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவின் தலைவர். மூளை மருத்துவர். கணினி அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை.

"நிரலுக்குக் கை மாதிரி இருக்கறது ரெஜிஸ்டருங்க சார். பத்தே பத்துதான். பத்தும் நிறைஞ்சுபோச்சுன்னா, கையில இருக்கறதை ஸ்டேக்குங்கற அடுக்குல ஒரு கட்டத்துல இறக்கி வைக்கும். பிறகு எடுத்துக்கும். ஒரு கட்டம் எட்டு பைட்டு. இறக்கி வெச்சது என்னன்னு சரிபார்ப்பி குறிச்சு வெச்சுக்கணும். திரும்ப எடுக்கும்போது அதேதான் வருதுன்னு அதுதான் உத்தரவாதம் குடுக்குது."

"சரி."

"ஒரு மனுஷரைப் பத்தின நினைப்பு அந்தக் கட்டத்துல இறங்கும்போது ரெண்டு பாகமா இருக்கும். மேல்பாதி, எதிர்ல இருக்கறது யாருன்னு காட்டுற அடையாளம். கீழ்ப்பாதி, அவங்க நமக்கு என்ன ஆகணுங்கற உறுதி. அடுத்தடுத்து ரெண்டு குறுக்கீடு வந்தா, ஒரு வழியில நிரல் அந்தக் கட்டத்தோட மேல்பாதியில மட்டும் வேற எதையோ எழுதிடுது. கீழ்ப்பாதி அப்படியே கிடக்கு. அந்த நிமிஷமே சரிபார்ப்பி தன்னோட குறிப்பை அழிச்சிருக்கணும். 'இந்தக் கட்டத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. முழுசா இருக்குன்னே நம்பிடிச்சு. அது நம்பினதால நிரலும் மறுபடி பார்க்காம அப்படியே திருப்பிக் குடுத்திடுச்சு."

"அதாவது?"

"எதிர்ல இருக்கறது வெண்டைக்காய்க்காரி. உறுதி மட்டும் மகளுக்கு உரியது. அவர் கோகிலாவை நினைச்சுக்கிட்டு இருந்தப்ப யாராவது வந்திருப்பாங்க. ஆத்தூர்ல தலைகீழா நடந்திருக்கு. எதிர்ல கணவர். உறுதி, முன்பின் தெரியாத ஆளுக்கு உரியது."

அருளாளன் கண்ணாடியைக் கழற்றினார். "சந்தேகமே வராதா அவங்களுக்கு?"

"சந்தேகம் வர வழியே இல்லை சார். சரிபார்க்கப்பட்டதுன்னு முத்திரையோட வருது."

அதைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டார். "இதை எழுதினது யாரு?"

"நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி. அதுக்கு முன்னால கட்டத்துல பாதி அளவு எதையாவது வெச்சா, சரிபார்ப்பி உடனே 'தெரியாது'ன்னு கை விரிச்சுடும். நல்ல நிரல்களைக்கூட உள்ளே விடாது. டாக்டருங்க எல்லாரும் தொல்லை பண்ணினாங்க. பாதி அளவையும் பின்தொடர்ந்து போற மாதிரி நான் மாத்தினேன். மேல்பாதி என்ன ஆகும்னு சக ஊழியர் ஒருத்தர் கேட்டார். அப்படி யாரும் எழுத மாட்டாங்கன்னு பதில் போட்டேன்."

திருத்தம் பதினோரு வரிதான். அன்று மாலைக்குள் முடித்தாள். சோதனைகளும் இரண்டு நாளில் முடிந்தன. பதிவேடுகளைத் தேடியதில் இருநூற்றுப் பதினேழு கருவிகளில் அந்த வழி குறைந்தது ஒருமுறையாவது ஓடியிருந்தது. இருநூற்றுப் பதினேழு வீடுகளில் எத்தனை பேர் யாராக இருந்துவிட்டு வந்தார்கள் என்பதைப் பதிவேடு சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை எல்லாத் தாங்கிகளுக்கும் திருத்தம் போவதாக இருந்தது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை ருக்குமணி போன் செய்தார்.

"அம்மிணி, எல்லாருக்கும் மாத்துங்க. இவருக்கு மட்டும் விட்டுருங்க."

"முடியாதும்மா. ஆத்தூர்ல ஒருத்தர் செத்தே போயிட்டார்."

"அது அந்தூருங்க. எங்க ஊட்டுக்கு வர்றவ எங்க பிள்ள. அவளால யாருக்கு என்ன கெடுதல்?"

"நாளைக்கு உங்களையே யாரோன்னு சொல்லிட்டா என்னம்மா செய்வீங்க?"

ருக்குமணி சொன்னார்: "சொல்லட்டுமுங்க. அவ வந்துட்டுப் போனாப் போதும்."

சுகிர்தா போனைக் கீழே வைத்துவிட்டு, திருத்தம் போகவேண்டிய கருவிகளின் பட்டியலைத் திரையில் திறந்தாள். ஒரே ஒரு கருவியின் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது பெரிய வேலையில்லை. எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் கர்சரைக்கூட வைத்தாள். வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்திருந்த தேவராஜன் நினைவுக்கு வந்தார். கையை எடுத்துவிட்டாள். மறுநாள் பதினோரு மணிக்குத் திருத்தம் போனது. கோபிக்கும் போனது.

*

மூன்று வாரம் கழித்து நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. சென்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வாங்க. சுகிர்தாங்கதானே? கம்பெனியில இருந்து வந்தீங்க. அன்னைக்கு எங்கிட்டச் சொல்லிக்காமயே போயிட்டீங்களே?"

"போகலீங்களே ஐயா. ரெண்டு மணி வரைக்கும் இங்கதான் இருந்தேன்."

"இல்லீங்க. மோர் குடிச்சீங்க. அப்புறம் பாத்தா உங்களைக் காணோம். அந்நேரத்துக்குத்தான் கோகிலா வந்தா, நீங்க உக்காந்திருந்த நாற்காலியிலயே உக்காந்தா." அவர் நாற்காலியைக் காட்டினார். "அதுக்கப்புறம் ஒரே ஒருக்கா வந்தா. இப்ப மூணு வாரமா வர்றதே இல்ல. சரசு வர்றா, தபால்காரப் பொண்ணு வருது. அவ மட்டும் வர்றதில்லீங்க. உங்க கம்பெனியில எதாச்சும் தெரியுமுங்களா?"

சுகிர்தா குக்கர் விசிலுக்காகவும் போன் மணிக்காகவும் காத்திருந்து சோதனையை முடித்தாள். தன் கைபேசியிலிருந்தே இரண்டு தடவை அழைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் அவள் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அவள் சுகிர்தாவாகவே இருந்தாள். மடிக்கணினியில் அந்தக் கட்டத்துக்கு நேராக 'தெரியாது' என்று சரியான இடத்தில் சரியாக விழுந்தது. நிரல் மறுபடி பார்த்து, சரியானதையே கொடுத்தது.

அவளுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

"ஐயா, அன்னைக்கு உங்ககூடப் பேசினது நான்தான். கோகிலா வரல. கருவியில ஒரு பிழை. என்னோட பிழை. என்னை நீங்க உங்க மகள்னு நினைச்சுட்டீங்க. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். அதுவும் தப்புதான். மன்னிச்சுக்கங்க."

சென்னியப்பன் பொறுமையாகக் கேட்டார். தடம் எண் தெரியாமல் வண்டியில் ஏறிவிட்ட பயணியிடம் பேசுவதுபோல இதமாகப் பேசினார்.

"நீங்க நல்லவங்க. அதனால சொல்றீங்க. உங்களையும் எனக்குத் தெரியுது, அவளையும் எனக்குத் தெரியுது. ரெண்டு பேரும் வேறயுங்க."

அவரிடம் அதற்கு மேல் எதுவும் பேச முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய உறுதி கருவியை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. இப்போது அது அவருடைய சொந்த நினைவு. அங்கே எந்தச் சரிபார்ப்பியும் கிடையாது. அவர் எழுந்து வாசலுக்குப் போய், பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுகிர்தா மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளச் சமையலறைப் பக்கம் போனாள். ருக்குமணி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அப்பாகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?"

சுகிர்தாவுக்கு முதலில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. 'சொன்னீங்க' இல்லை, 'சொன்ன' என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

"அம்மா?"

"வந்தது நீ இல்லேன்னு சொல்ற. அந்த மனுசன் மூணு வாரமா நேரத்துக்குச் சோறு திங்கறதில்ல." ருக்குமணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து அருகில் வந்தார். சுகிர்தாவின் துப்பட்டா தோளிலிருந்து நழுவியிருந்தது. அதை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டார். கை நடுங்கவில்லை. கண்ணும் தெளிவாக இருந்தது. "அவருக்குத் தெரியலேன்னா போகுது. எனக்குத் தெரியுது."

"அம்மா, நான் சுகிர்தா. உங்களுக்குக் கருவியே வைக்கலையேம்மா."

"எனக்கெதுக்கு அது?" என்றார் ருக்குமணி. "எந்த வண்டிக்குப் போற? மூணு மணிக்கு நம்பியூர் வண்டி இருக்குது. அதுல கூட்டம் இருக்காது. அடுத்து எப்ப வருவ?"

இல்லை என்று சொல்ல ஒரு இடம் இருந்தது. சுகிர்தா அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

"செவ்வாய்க்கிழமை."

"பத்து மணிக்குள்ள வந்துரு. வெய்யல் ஏறிட்டா உனக்கு ஆகாது."

மூன்று மணி வண்டியில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மடிக்கணினியில் அறிக்கையை எழுதி முடித்தாள். பிழை நீங்கியது, மறுபடி தோன்றவில்லை, கருவி சரியாக இயங்குகிறது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அனுப்பிவிட்டு, கைபேசியில் செவ்வாய்க்கிழமைக்கு விடுப்பு கேட்டாள். காரணம் என்று இருந்த இடத்தில், 'அம்மாவைப் பார்க்க' என்று தட்டினாள். இரண்டே நிமிடத்தில் அருளாளனிடமிருந்து அனுமதி வந்தது: 'தாராளமாகப் போய்ட்டு வா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.'

வண்டி புளியம்பட்டி தாண்டி அன்னூரை நெருங்கும்போதுதான், நாகர்கோவிலில் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுதும்போது அது நினைவில் இல்லவே இல்லை. விண்ணப்பத்தைத் திறந்து, காரணத்தைத் திருத்தும் இடத்தில் விரலை வைத்தாள். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, முன் இருக்கையில் இருந்தவரிடம், கோபிக்குக் காலையில் முதல் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.